நீலம் தொடாதீங்க

இனிமேல் மழையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று தை பிறந்த அன்று குமரகுரு தீர்மானம் போட்டான்.

பெங்களூரில் கணினி முன்னால் கழுத்தை ஒடித்துக்கொண்டது போதும் என்று வேலையை உதறிவிட்டு, தாண்டிக்குடியில் அப்பாவின் காப்பித் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவன் அவன். வந்த நாளிலிருந்து பெய்ய வேண்டிய மாதத்தில் வெயில் காய்கிறது. பழம் பறித்துக் களத்தில் காயப்போடுகிற மாதத்தில் மழை ஊற்றுகிறது. மலையில் மின்விசிறி விற்கிறார்கள். இதையெல்லாம் காலைக் காப்பியோடு ஆரம்பித்தால், கம்பளிக்குள் போகிறவரை விடமாட்டான். கேட்டுக் கேட்டு மனைவி மகாதேவிக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அப்போதுதான் கொடைக்கானலில் ஓர் அம்மாள் நடத்திய ஓவியப் பட்டறைக்குப் போய்வந்தான். பூமி சூடாவதை நினைத்து நொந்துபோனவர்கள் அந்த நோவை வண்ணமாகத் துணியில் இறக்கிவைக்க வேண்டுமாம். உருவம் கூடாது. மரம் வரைந்தால் மரம் மாதிரி இருக்கக் கூடாது. குமரகுருவுக்கு இது வசதியாகப் போயிற்று. அவன் எப்படி வரைந்தாலும் மரம் மாதிரி இருக்காது.

இறக்கிவைக்க இடம் வேண்டுமே? வீட்டை ஒட்டி, பலகைத் தளம் போட்ட சரக்கு அறை ஒன்று இருந்தது. தோட்டத்திலேயே ஈரம் ஏறாத ஒரே இடம். அங்கே போய் உட்கார்ந்து சாம்பல் நிறத்தில் ஒன்று பூசினான். அன்று மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படுத்ததும் தூங்கினான். அப்படித் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது.

மகாதேவிக்கும் அதில் நிம்மதிதான். இடம்தான் இடித்தது.

“ஏங்க, களத்துல காப்பி நனைஞ்சு கெடக்கு. பூசணம் புடிச்சா ஒருத்தரும் தொட மாட்டாக. அந்த ரூம ஒழிச்சுக் குடுங்க, உள்ள பரப்பிருவோம்.”

“அது ரூம் இல்ல மகாதேவி. என் மனசு.”

“மனசுக்குப் பலகை போட்டிருக்கே, அதேன் கேக்குறேன்.”

“ஒலகமே எரிஞ்சிட்டிருக்கு. ஒனக்குக் காப்பிக் கொட்டையா பெருசு?”

“எரியுற ஒலகம் நம்ம களத்துப் பக்கமும் கொஞ்சம் எரிஞ்சா காஞ்சிருமேங்க.”

குமரகுரு துருவத்துப் பனியில் தொடங்கி மருதாநதி அணை வரைக்கும் ஒரு சுற்று விளக்கினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்தச் ‘சரிங்க’வுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளாதது அவன் தப்பு.

வென்ற தெம்பில் பெரிதாக ஒரு நீலம் பூசினான். சாயங்காலம் மழை கொட்டியது.

மறுநாள் வெள்ளனே பக்கத்துத் தோட்டத்து அழகுமலை வந்தார். களம் நிறையக் காப்பி வைத்திருக்கிறவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து படத்தின் முன் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் குறை.

“தம்பி, நேத்து நீலம் தொட்டீகளா?”

“தொட்டேன். ஏன்?”

“அதேன் ஊத்திருச்சு. காப்பி காய்ற வரைக்கும் நீலம் தொடாதீங்க. புண்ணியமாப் போகும்.”

குமரகுரு சிரித்தான். வங்கக் கடலில் காற்றழுத்தம் எப்படி உருவாகிறது என்று காற்றிலேயே படம் போட்டுக் காட்டினான். அழகுமலை பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, அந்தக் காற்றழுத்தத்துக்கு எதிராக மஞ்சளில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஆளைக் கிளப்பினால் போதும் என்று குமரகுரு ஒரு மஞ்சள் தீற்றல் போட்டான். மறுநாள் வெயில் சுளீரென்று அடித்தது. அதற்கு அடுத்த நாளும் அடித்தது.

மூன்றாம் நாள் கதவுக்கு வெளியே நின்றது சிவபாக்கியம். கீழ்ச்சரிவில் மலைவாழை போட்டிருப்பவள்.

“ஏண்ணே, காப்பிக்காரகளுக்கு மட்டும் மஞ்சளப் பூசிக் குடுத்தீகளாமே? எங்க வாழைக் கன்னெல்லாம் சுருண்டு கெடக்கு. எங்களப் பாத்தா ஆளாத் தெரியலையா?”

ஒரு மூலையிலாவது நீலம் வைக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேதி தெரிந்து அழகுமலை ஓடிவந்தார். அதற்குப் பிறகு ஒரு சன்னலில் காப்பிக்காரர்கள், எதிர்ச் சன்னலில் வாழைக்காரர்கள். பச்சையைத் தொட்டால், அதில் பாதி நீலம்தானே என்று அந்தப் பக்கம் கொதித்தது. பாதி மஞ்சளும்தானே என்று இந்தப் பக்கம் கொதித்தது. கறுப்பு என்றால் கருமேகம். வெள்ளை என்றால் உறைபனி விழுந்து மிளகுக் கொடி கருகிவிடும். சிவப்பை எடுத்தபோது இரண்டு சன்னலும் சேர்ந்து, “அய்யய்யோ, காட்டுத் தீ” என்றன.

தூரிகையைக் கையில் பிடித்தபடி அன்று முழுக்க உட்கார்ந்திருந்தான் குமரகுரு. உலகத்து வருத்தத்தோடு இப்போது ஊர் வருத்தமும் சேர்ந்துகொண்டது. தூக்கம் பழையபடி போயிற்று. பொழுது விடிந்ததும் சாவியைக் கொண்டுபோய் அடுக்களை மேடையில் வைத்தான்.

“ரூம நீயே எடுத்துக்க.”

மகாதேவி ஆச்சரியப்படக்கூட இல்லை, சாவியை எடுத்துக்கொண்டாள். வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். சரக்கு அறை வாசலில் சாக்கோடு ஆட்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். அவன் முகம் கழுவி வருவதற்குள் படங்கள் சுவரோரம் திரும்பி நின்றன. தரை முழுக்கக் காப்பி பரவிக் கிடந்தது.

“ஊர்க்காரங்களுக்கெல்லாம் இந்த நீலம், மஞ்சள் புத்திய யாரு குடுத்தது?” என்றான், சலித்துப்போய்.

“நாந்தேன்,” என்றாள் மகாதேவி, கொட்டையைக் கையால் துழாவிக்கொண்டே. “அழகுமல அண்ணன்ட்ட ஒரு வார்த்த சொன்னேன். சிவபாக்கியத்துட்ட ஒரு வார்த்த. மிச்சச் சோலியெல்லாம் நீங்களே பாத்துக்கிட்டீக, அந்த மஞ்சளப் பூசி.”

வெளியே வானம் மறுபடியும் மூடிக்கொண்டு வந்தது. தூறல் விழ ஆரம்பித்தது.

“அப்ப என் வருத்தத்த நான் எங்க கொண்டுபோய் வைக்க?”

“களத்துல வைங்க, காலியாத்தேன் கெடக்கு. அது நனைஞ்சாப் பூசணம் புடிக்காது.”