மூணாவது தடவை கேப்பாங்கன்னு இருந்தேன்

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருக்கும், நடுவில் நடுவில் மறந்தும் போயிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாச்சும் எழுதித் தரீங்களா அத்தை?" என்று என் மருமகள் கவிதா கேட்டாள். கேட்ட முதல் தடவையிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். அதுவே எங்கள் வீட்டில் அதிசயம். ஏன் அதிசயம் என்று படித்தால் தெரியும்.

எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒருத்தர் வீட்டுக்குப் போனால் "சாப்பிடறீங்களா?" என்று கேட்பார்கள். "வேண்டாமுங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும். (வயிறு கத்திக்கொண்டிருந்தாலும்.) ரெண்டாவது தடவை கேட்பார்கள். "அட, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூணாவது தடவை இலையைப் போட்டுவிட்டே கேட்பார்கள். அப்போது "சரி, கொஞ்சூண்டு" என்று உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடலாம். முதல் தடவையே தலையை ஆட்டுகிறவளை ஆலாப் பறக்கிறாள் என்பார்கள். நான் ஆலாப் பறக்காதவள் என்று பேர் எடுத்தவள். அந்தப் பேரை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு ஊரின் முன்னேற்றத் திட்டத்தையே கெடுத்தேன்.

தொண்ணூத்தெட்டோ தொண்ணூத்தொம்பதோ, சரியாக ஞாபகம் இல்லை. என் மகன் செந்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, ஃப்ரீமான்ட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊரில் அபார்ட்மென்ட் எடுத்திருந்தான். மாடி வீடு. சன்னலைத் திறந்தால் எதிர்ப்பக்கம் ஒரு வரிசைக் கடைகள். பாதிக் கடை மூடிக் கிடக்கும். திறந்திருந்த கடைகளில் ஒன்று நம் பாஸ்கர் தம்பியின் மளிகைக் கடை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் இருக்கும். சத்தமாகக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும், அவ்வளவு பக்கம்.

ஆனால் நடுவில் ரோடு இருந்தது. ஆறு வரிசையில் கார் பறக்கும். தாண்ட லைட்டு கிடையாது, கோடு கிடையாது. அடுத்த சிக்னலுக்கு நடந்தால் என் முழங்கால் அங்கேயே தங்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை செந்தில் எழுந்து, பல் தேய்த்து, என்னைக் காரில் ஏற்றி, பெல்ட் மாட்டி, எங்கேயோ போய்த் திருப்பிக்கொண்டு வந்து எதிர்த்த கடையில் இறக்கிவிடுவான். ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காக ஒரு இன்ஜினியர் காரை எடுக்க வேண்டும். எனக்கே வெட்கமாக இருக்கும். வாரம் முழுக்கச் சன்னலில் நின்று பார்ப்பேன். பாஸ்கர் தம்பியும் ஆள் வராத கடை வாசலில் நின்று எங்கள் அபார்ட்மென்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்னைப் போல அங்கே பன்னிரண்டு பேர் இருந்தோம். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் கீழே துணி துவைக்கிற ரூமில் கூடுவோம். அங்கே பெஞ்சு இருக்கும், டிரையர் ஓடுவதால் கதகதப்பாகவும் இருக்கும். எங்களில் இங்கிலீஷ் சரளமாகத் தெரிந்தவர் மேரி டீச்சர். தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தில் இருந்து ரிடையர் ஆனவர்.

ஒரு நாள் செந்தில் ஒரு காகிதத்தோடு வந்தான். "அம்மா, இந்த ஊர்ல கடையெல்லாம் மூடிக்கிட்டே போகுது. நாங்கெல்லாம் இங்க தூங்கறதோட சரி, மத்ததுக்கு வெளியூருக்கு டிரைவ் பண்றோம். அதனால அஞ்சு வருஷத்துல ஊரை எப்படி முன்னேத்தறதுன்னு சிட்டியில பிளான் போடறாங்க. வீடு வீடா வந்து என்ன வேணும்னு கேப்பாங்களாம்."

"நம்ம நாட்டுலயும் அஞ்சு வருஷத் திட்டம் போட்டாங்க கண்ணு. ஆனா என்னைய ஆரும் வந்து கேட்டதில்லையே."

"இங்க கேப்பாங்க. ரோட்டைத் தாண்ட ஒரு லைட்டு வேணும்னு சொல்லிடுங்க. அது பிளான்ல ஏறிட்டா வந்துடும். ஏறலைன்னா அஞ்சு வருஷத்துக்கு மறந்துட வேண்டியதுதான்."

துணி துவைக்கிற ரூமில் கூட்டம் போட்டோம். எல்லார் வீட்டுக்கும் வர மாட்டார்கள், ரெண்டு மூணு வீடுதான் என்று தெரிந்தது. ரோட்டைப் பார்த்த சன்னல் என் வீட்டில் இருப்பதால் நான் பேச வேண்டும், டீச்சர் மொழிபெயர்க்க வேண்டும் என்று முடிவானது. எங்களில் கரூர்க்காரர் ஒருத்தர் வீட்டுக்கும் போவார்கள், அவருக்குச் சமாளிக்கிற அளவு இங்கிலீஷ் வரும். பாஸ்கர் தம்பி போன் பண்ணி, "ஆன்ட்டி, உங்களைத்தான் நம்பியிருக்கேன். நாலு பேர் நடந்து வந்தாக்கூட கடையை ஓட்டிடுவேன். இல்லேன்னா காலி பண்ண வேண்டியதுதான்" என்றார். மூன்று நாள் டிரையர் முன்னால் நின்று, "ரோட்டைத் தாண்ட லைட்டு வேணுமுங்க, ரோட்டைத் தாண்ட லைட்டு வேணுமுங்க" என்று சொல்லிப் பழகினேன். டிரையர் மறுப்புச் சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. கதவைத் திறந்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண், லிண்டா என்று பேர், கையில் அட்டையும் பேனாவும். பார்த்தால் சின்னப் பெண், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், எனக்கு ரோடு மறந்துவிட்டது. சர்க்காரில் இருந்து ஒரு ஆள் என் வீட்டு வாசல் ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. ஒறம்பரை (விருந்தாளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வந்தாச்சு! காபி போட்டேன். முந்தின நாள் சுட்ட முறுக்கை எடுத்தேன்.

"நோ, தேங்க்யூ" என்றது அந்தப் பெண்.

நோ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ரெண்டு முறுக்கு வைத்தேன். மறுபடியும் "நோ, நோ" என்றது. இன்னும் ரெண்டு வைத்தேன். பாவம், கூச்சப்படுகிறது என்று நினைத்தேன்.

பிறகு அது கேள்வியை ஆரம்பித்தது. டீச்சர் தமிழில் சொன்னார்: "அக்கா, இந்த ரோடு எப்படி இருக்குன்னு கேக்கா."

வீட்டுக்கு முதன்முதலாக வந்த ஒறம்பரையிடம் உங்கள் ரோடு சரியில்லை என்று சொல்ல வாய் வருமா? "நல்லா அகலமா இருக்குதுங்க" என்றேன்.

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கா."

"ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க வந்ததே போதுமுங்க."

லிண்டா எழுதிக்கொண்டது. நான் அடுத்த தடவைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். லைட்டு என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அது ரோட்டை விட்டு பார்க்குக்குப் போய்விட்டது. பார்க் வேண்டுமா? "எதுக்குங்க சிரமம்." பஸ் வேண்டுமா? "பரவாயில்லைங்க." ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை கேட்டு, எழுதி, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனது. கடைசியில் மறுபடி முதலில் இருந்து வருவார்கள், ரெண்டாவது சுற்று இருக்கும் என்று நான் நம்பிக்கையோடு இன்னும் மூணு முறுக்கு வைத்தேன். லிண்டா அதையும் தின்றுவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு, கை கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

கதவு சாத்தியதும் டீச்சர் இடுப்பில் கை வைத்தார். "என்னக்கா இப்படிச் சொல்லிட்டிய?"

"மறுபடி கேப்பாங்கன்னு இருந்தேன் டீச்சர்."

"மறுபடி மறுபடி கேக்கதுக்கு இது என்ன கல்யாணப் பந்தியா? அவ எழுதிட்டுப் போயிட்டா!"

"நீங்களாச்சும் மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொன்னத நான் சொன்னேன். முப்பது வருசம் பிள்ளைகளுக்கு உள்ளதச் சொல்லுன்னு சொல்லிக் குடுத்துட்டு நான் பொய் சொல்லவா?"

கரூர்க்காரராவது கேட்டிருப்பார் என்று ஓடினோம். அதற்குள் லிண்டா அங்கேயும் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அந்தப் பொண்ணு உங்க வீட்டுல இருந்து நேரா இங்கதான் வந்துச்சு. அந்த அம்மாவே ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லுச்சு. நீங்களே வேண்டாம்னப்புறம் நான் கேட்டா நல்லாவாங்க இருக்கும்?" என்றார்.

கொஞ்ச நாளில் திட்டத்தைப் புத்தகமாகப் போட்டார்கள். செந்தில் வாங்கி வந்து படித்தான். எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நாலு வரிதான். இங்கே இருக்கிற பெரியவர்கள் முழுத் திருப்தியோடு இருக்கிறார்கள், இவர்களுக்கு எதுவும் தேவையில்லை. இந்தப் பக்கம் வைக்க நினைத்திருந்த லைட்டுக்குப் பதிலாக மெயின் ஸ்ட்ரீட்டில் பூந்தொட்டி வைக்கலாம்.

கவிதாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அத்தை, அமெரிக்காவுலயே முழுத் திருப்தியா இருக்கறது நாமதான். எழுத்துலயே போட்டுட்டாங்க!" செந்தில் சிரிக்கவில்லை. "அவங்களா வைக்கலாம்னு நினைச்ச லைட்டும்மா. நீங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கீங்க" என்றான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சன்னல் பக்கம் போகவும் தைரியம் இல்லை, பாஸ்கர் தம்பி நின்றுகொண்டிருப்பாரே.

திட்டத்தை முடிவு பண்ணும் முன்னால் சிட்டி ஹாலில் ஒரு கூட்டம். யார் வேண்டுமானாலும் மூணு நிமிஷம் பேசலாம். கெடுத்தவள் நான், நான்தான் போக வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதுவரை நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் வாயைத் திறந்ததில்லை. என் கல்யாணத்திலேயே பேர் கேட்டபோது என் அண்ணன்தான் பதில் சொன்னார். அப்படிப்பட்டவள், பட்டுப் புடவை கட்டி, ஸ்வெட்டர் போட்டு, மைக் முன்னால் நின்றேன். மேடையில் அரைவட்டமாகப் பெரிய மனிதர்கள். என் முன்னால் மேஜையில் ஒரு குட்டி லைட்டு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் சீக்கிரம் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். பச்சை எரிந்தது.

நடுவில் இருந்த தலைவர் அன்பாக ஏதோ கேட்டார். டீச்சர் சொன்னார்: "என்ன சொல்ல வந்திருக்கியன்னு கேக்காரு."

என் வாய் திறந்தது. "ஒண்ணுமில்லீங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க."

டீச்சர் மைக்கைக் கையால் மூடினார். "அக்கா, நான் இத மட்டும் சொல்ல மாட்டேன். ஆண்டவரு என்ன மன்னிக்கட்டும். வேற சொல்லுங்க."

எல்லாரும் காத்திருந்தார்கள். மஞ்சள் வந்துவிட்டது. முன் வரிசையைப் பார்த்தேன். லிண்டா உட்கார்ந்திருந்தது, மடியில் அந்தப் புத்தகம். அதைப் பார்த்ததும் எனக்கு முறுக்குதான் ஞாபகம் வந்தது. வந்ததைச் சொன்னேன்.

"ஏன் கண்ணு, நீ என்ற வீட்டுக்கு வந்தப்ப முறுக்கு வேணுமான்னு கேட்டனே. வேண்டாம்னே. நான் வச்சேன். மறுக்கா வேண்டாம்னே. மறுக்கா வச்சேன். ஏழு முறுக்குத் தின்னே. பொறவு ரோட்டுக்கு என்ன வேணும்னு நீ கேட்டே. நானும் வேண்டாம்னேன். நீ எழுதிக்கிட்டுப் போயிட்டே. உன்ற வேண்டாமை நான் நம்பலையே, என்ற வேண்டாமை நீ எதுக்குச் சாமி நம்புனே?"

டீச்சர் இதை அப்படியே இங்கிலீஷில் சொல்லி முடித்தார். அப்புறம் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு. லிண்டா முகம் சிவந்து எழுந்து நின்று, ஏழு என்று விரலைக் காட்டியது. அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"நாங்க பன்னெண்டு பேரு பகல் முச்சூடும் சன்னல்ல நின்னு கடையைப் பாக்கறமுங்க. கடைக்காரரு ஆள் வரலைன்னு எங்களைப் பாத்துட்டு நிக்கறாரு. நடுவுல ரோடு. நாங்க நடந்து போனா அந்தக் கடைங்க பொழைக்குமுங்க. பெரிசா ஒண்ணும் வேண்டாம், இந்த மைக்குக்கு வச்சிருக்கற லைட்டைப் புடுங்கி அங்க நட்டாக்கூடப் போதுமுங்க."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். "அப்படியானால், உங்களுக்கு அந்த லைட்டு வேண்டுமா?"

ஒரே தடவை. ஹாலே என்னைப் பார்த்தது. என் நாக்கு, அறுபது வருஷப் பழக்கம், "வேண்..." என்று கிளம்பிவிட்டது.

"அம்மா!" என்று பின்னால் இருந்து செந்தில் கத்தினான்.

"வேணுமுங்க!" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. சிவப்பு லைட்டு எரிந்தது.

அப்படித்தான் திட்டத்தில் ஏறியது. உடனே வரவில்லை, அளந்தார்கள், எழுதினார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் வந்தது. பாஸ்கர் தம்பி அதுவரை தாக்குப் பிடித்தார். பக்கத்தில் மூடிக் கிடந்த கடையில் ஒரு தையல் கடை வந்தது, அப்புறம் ஒரு முடிதிருத்தும் கடை. வாசலில் அவர் ரெண்டு பெஞ்சு போட்டார். எங்கள் துணி துவைக்கிற ரூம் கூட்டம் அங்கே இடம் மாறியது. மெயின் ஸ்ட்ரீட்டில் பூந்தொட்டியும் வைத்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

லிண்டா மறுபடி வந்தது. இந்த அபார்ட்மென்ட்டில் எதையும் மூணு தடவை கேட்க வேண்டும் என்று தன் அட்டையில் எழுதி வைத்திருந்ததாம். முறுக்கு வேணுமா என்றேன். "எஸ்" என்றது முதல் தடவையிலேயே. (என்ன இப்படி ஆலாப் பறக்குது என்று ஒரு நொடி நினைத்தேன், கடவுளே.)

லைட்டுக் கம்பத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினால் தாண்ட வழி விடும். முதன்முதலாக அமுக்கினது நான்தான். "ஒரு தடவை அமுக்கினா போதும் அத்தை" என்றாள் கவிதா. எனக்கு மனசு ஆறவில்லை, மூணு தடவை அமுக்கினேன். இன்றைக்கும் அப்படித்தான்.

வீட்டில் இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே என் பேத்தி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒன்லி ஒன்ஸ், அப்பத்தா! நோன்னா பிளான்ல எழுதிடுவேன்" என்கிறாள். செந்தில் பின்னால் இருந்து "அம்மா!" என்று கத்துகிறான். நான் "வேணும்" என்று சொல்லிவிடுகிறேன். ரசம் கூட சூடாகக் கிடைக்கிறது.

இதில் வருஷம் தப்பாக இருக்கலாம். பூந்தொட்டி முதலில் வந்ததா லைட்டு முதலில் வந்ததா என்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. முறுக்கு ஒன்பது என்று டீச்சர் சொல்கிறார், எனக்கு ஏழு என்றுதான் ஞாபகம். செந்திலோ கவிதாவோ டீச்சரோ, யாராவது இதைப் படித்துச் சரி பார்த்துக் கொடுங்கள். ஒரு தடவைதான் கேட்கிறேன்.