பெட்டிக் கம்பெனியில் ஒரு நிரை

பத்து காஜா,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் திமோத்தி அவர்களுக்கு,

உங்கள் மச்சான் சூசைநாதன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்கா எல்ஸியும் சுகம். என் முட்டி மட்டும் தனியாக நடந்துகொள்கிறது. ஹுத்தான் மெலிந்தாங்கில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளை கிறிஸ்டினும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். நீங்கள் அனுப்பிய கருவாடு கிடைத்தது. அதன் வாசம் பக்கத்து வீட்டுக்கும் கிடைத்தது.

கிறிஸ்டினுக்கு அடுத்த வருஷம் பிராக்டிகல், இடம் தேட வேண்டும், உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே, யோசனை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் எல்ஸி குறுக்கே புகுந்து வேறு மாதிரி சொல்வாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் மகள் கிளாரிசா பார்த்துவிடுவாள். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு அடுப்பில் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நம் கிளாரிசாவுக்குப் பாலிடெக்னிக்கில் பாடமெல்லாம் முடிந்து பிராக்டிகல் மட்டும் பாக்கி. ஒரு கம்பெனியில் சில மாதம் வேலை பழக வேண்டும், அங்கே மேலே இருப்பவர் பாஸ் போட்டால்தான் டிப்ளோமா, இல்லாவிட்டால் இன்னொரு தடவை முதலிலிருந்து. இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? ரிட்டயர் ஆனதிலிருந்து என்னைத் தேடி வருவது கரண்ட் பில் மட்டும்தான். மோட்டாரை எடுத்துக்கொண்டு பத்து காஜா முழுக்கச் சுற்றி, "என் மகள் சம்பளம் இல்லாமல் வேலை செய்வாள், வேணுமா?" என்று கேட்டேன். மச்சான், அப்படிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஒரு மனுஷன் இல்லை. மளிகைக் கடையில் வெங்காயம் நிறுக்கக் கூப்பிட்டார்கள், சலூனில் தலை கழுவக் கூப்பிட்டார்கள், ஒருவர் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார், அதுவும் சாப்பாட்டோடு. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து கிளாரிசாவிடம் சொன்னேன். "அப்பா, நான் என்ன படிச்சேன்னு ஒரு இடத்துலயாவது சொன்னீங்களா?" என்றாள். சொல்லவில்லை. எனக்கே சரியாகத் தெரியாது.

அது சரக்கு அனுப்புகிற, ஸ்டோர் பார்க்கிற படிப்பாம். அவளே லெக்சரரிடம் பேசி, அவளே எழுதிப் போட்டு, ஜெலாப்பாங்கில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் இடம் வாங்கினாள். முதல் நாள் நானும் எல்ஸியும் கூடவே போனோம். தோட்டத்துக் கங்காணி மாதிரி அங்கேயும் ஒரு மண்டோர் இருப்பார் என்று எல்ஸி அவருக்குக் கறிபாப் பொரித்திருந்தாள். கேட்டில் இருந்த கார்டு சதாசிவம் நல்ல மனுஷன், ரெண்டு கறிபாப்பிலேயே உள்ளே விட்டுவிட்டார். பிரமிளா என்று ஒரு பெண் வந்தது, நம் பிள்ளைகளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. "அங்கிள், இங்க மண்டோர்லாம் இல்ல. நான்தான் சூப்பர்வைசர். கறிபாப்ப வச்சிட்டு நீங்க போலாம்" என்றது. மரியாதையாகத்தான் சொன்னது. போய்விட்டோம்.

அந்தப் பிரமிளா கிளாரிசாவிடம் ஸ்டோரைக் காட்டி, எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை, உன் படிப்பை வைத்து ஒழுங்கு பண்ணு, இதைப் பார்த்துத்தான் உனக்கு பாஸ் என்று சொல்லிவிட்டது. பிள்ளை பல நாள் அதிலேயே கிடந்தது. ஒரு சாயங்காலம் வந்து சப்பாத்தைக் கழற்றிப் போட்டு, "பாதிதான்பா ஆச்சு. மிச்சம் முடியுமான்னு தெரியல லா" என்றாள்.

இங்கேதான் மச்சான் நான் தப்பு பண்ணேன். நீங்கள் கடல் பக்கத்து ஆள், உங்களுக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் ஒருத்தர் வெட்டுக்கு ஒதுக்கின மர வரிசைக்கு நிரை என்று பேர். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அப்பா தன் நிரையை முடித்துவிட்டு அம்மா நிரையில் இறங்குவார், நான் பால் வடிகிற மங்கைத் துடைப்பேன், என் தங்கச்சி பால் எடுப்பாள். மண்டோர் வரும்போது நிரை முடிந்திருக்கும். யார் வெட்டினது என்று எந்த மண்டோரும் கேட்டதில்லை. என் மகள் நிரை பாதியில் நிற்கிறது, நான் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பதா?

சனிக்கிழமை கம்பெனி லீவு, கிளாரிசா தைப்பிங்கில் கூட்டாளி கல்யாணத்துக்குப் போய்விட்டாள். நானும் எல்ஸியும் பழைய சட்டை போட்டுக்கொண்டு ஜெலாப்பாங் போனோம். சதாசிவத்திடம் உதவிக்கு வந்திருக்கிறோம் என்றோம், இந்தத் தடவை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். பெட்டியெல்லாம் தட்டையாக மடக்கிக் கட்டி வைத்திருந்தது. பெருசெல்லாம் கீழே, சிறுசெல்லாம் மேலே என்று எல்ஸி சொன்னாள், அவள் வீட்டில் பாத்திரம் அடுக்குகிற முறை. சாயங்காலம் பார்த்தால் ஸ்டோர் கோயில் மாதிரி இருந்தது. ஒவ்வொரு தட்டிலும் கிளாரிசா ஏதோ பேர் எழுதி ஒட்டியிருந்தாள். அழகாக இருக்கிறதே என்று அதை அப்படியே விட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் லோரிப் பையன்கள் ஒட்டியிருந்த பேரைப் பார்த்து ஏற்றிவிட்டார்கள். பிஸ்கட் கம்பெனிக்குக் கழிவறைக் கோப்பைப் படம் போட்ட பெட்டி போனது. கோப்பைக் கம்பெனிக்கு "செடாப்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பிஸ்கட் பெட்டி போனது. செடாப் என்றால் ருசி என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கம்பெனிக்காரருக்கும் தெரிந்திருந்தது.

முதலாளி கத்தினாராம். கிளாரிசா அழவில்லையாம். "என் வீட்டு ஆளுங்க செஞ்சது, ஆனா ஸ்டோர் என் பொறுப்பு, நானே சரி பண்றேன்" என்று மலாய் மொழியில் சொன்னாளாம். நான் செய்தி கேட்டுப் பதறிக்கொண்டு ஓடினேன். கிளாரிசா வெளியே வந்து என்னிடமும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தோட்டத்துல மரத்த யார் வெட்டுனாலும் பால் பால்தான்பா. இங்க நான் கத்துக்க வந்திருக்கேன். நீங்க முடிச்சுக் குடுத்தா பெட்டி அடுக்கியிருக்கும், எனக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

மச்சான், எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. அவளே எல்லாவற்றையும் இறக்கி, எது முதலில் வெளியே போகுமோ அது வாசல் பக்கம் என்று மறுபடி அடுக்கினாள். பிரமிளா பாஸ் போட்டது மட்டுமில்லை, வேலையும் கொடுத்துவிட்டது. நாளைக்கு முதல் நாள். வெட்கப்பட்ட அளவுக்கு இப்போது பெருமையாகவும் இருக்கிறது.

ஆகவே என் யோசனை இதுதான். கிறிஸ்டின் என்ன படிக்கிறாள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் படிப்புக்கு ஏற்ற இடமாக அவளே தேடட்டும், தடுமாறினால் லெக்சரரைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். கேட்டைத் தாண்டாதீர்கள். நானும் இனி அந்தக் கேட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று கிளாரிசாவிடம் பைபிள் மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு, கிறிஸ்டினுக்கு எங்கள் முத்தமும் ஆசீரும். மாதா உங்கள் வீட்டைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சூசைநாதன்

பி.கு.: எங்களை உள்ளே விட்டதுக்காகச் சதாசிவத்தை நைட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம், பகலுக்கு ஆள் இல்லை. கார்டு கம்பெனி வேற, பெட்டிக் கம்பெனி வேற, அதனால் அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. நாளைக்கு லப்போர், அந்தக் கார்டு வேலைக்கு நான் ஆஜராக வேண்டும். முதல் ஒரு மாதம் பழகிப் பார்த்துத்தான் பாஸ் போடுவார்களாம். கார்டு நிற்கிற இடம் கேட்டுக்கு வெளியேதான், நன்றாக விசாரித்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் ஸ்டோர் தெரியாது. நாற்காலி மேல் ஏறினால் கொஞ்சம் தெரியும். கிளாரிசாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.