கடைசிக் கூறு

"மேல்பிரிவு லயத்துக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடா? அங்க படிச்சு யாரு டீச்சராகப் போறா, நீயா?"

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் மேல்பிரிவுத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த சின்னப் பிள்ளை. நல்லவேளையாக எங்கள் தோட்டத்தில் கூறுக்காரர் இருந்தார்.

கூறுக்காரரைப் போல ஓர் ஆட்டை நியாயமாக வெட்டியவர் இந்த இலங்கையிலேயே கிடையாது. தீபாவளிக்குப் பலர் சேர்ந்து ஆடு வாங்கினால், சாக்கை விரித்துக் கறியைக் கூறு போடுவது அவர்தான். ஈரலை நகமளவு நறுக்கி எல்லாக் கூறிலும் வைப்பார். "கூறு போட்டவன் கடைசியில எடுக்கணும்" என்பது அவருடைய சட்டம். வீட்டில் இரண்டு ரொட்டி சுட்டாலும் இரண்டையும் பாதியாக்கி, "நீ எடு மொதல்ல" என்று மனைவியின் முன் காத்திருப்பார். ரொட்டி ஆறிப்போகும், அந்த அம்மா கொதித்துப்போவார்.

ஒரு வருடம் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்க உதவிப்பணம் மொத்தமாக வந்தது. மூன்று பிரிவுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

"தலைக்கு இவ்வளவுன்னு பிரிப்போம்" என்றார் பெரிய கங்காணி. அவருடைய கீழ்ப்பிரிவில்தான் பிள்ளைகள் அதிகம். எங்கள் மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகியதால் பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் வராததால் பணம் வரவில்லை. பணம் வராததால் கூரை ஒழுகியது. அதை மூடிவிடலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கூறுக்காரர் எழுந்தார். அவரும் கீழ்ப்பிரிவுக்காரர்தான். பிள்ளைகளும் இல்லை.

"பெரிய குடும்பத்துக்குத் தொடைக்கறி, சின்னக் குடும்பத்துக்குக் கொம்பா? கங்காணியாரே, நீங்களே மூணு கூறு போடுங்க. ஆனா நீங்க கடைசியில எடுங்க."

அந்தச் சட்டப்படி கறி தின்ற தோட்டம் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. கங்காணியால் மறுக்க முடியவில்லை. தங்கம் நிறுப்பவரைப் போல வியர்த்து வியர்த்துப் பிரித்தார். எங்கள் கூரைக்குத் தகரம் வந்தது.

கீழ்ப்பிரிவு ஆட்கள் கோபத்தில் கூறுக்காரரின் கத்தியைப் பிடுங்கிப் புது ஆளிடம் கொடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு ஈரல் முழுவதும் புது ஆளின் மச்சான் வீட்டுக்குப் போனது. அடுத்த தீபாவளிக்கு முன்பே கத்தி திரும்பி வந்தது. கூறுக்காரர் அதைத் தடவிப் பார்த்து, "மழுங்கிப் போச்சேப்பா! இத வச்சா வெட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவள் நான். போன மாதம் அதே தகரக் கூரையின் கீழ் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டேன். பிள்ளைகளுக்குப் பணிஸ், அதாவது பன், வரும்போது நான்தான் பங்கிடுகிறேன்; என்னுடையதைக் கடைசியில் எடுக்கிறேன். பெரும்பாலும் நசுங்கியதுதான் மிஞ்சுகிறது. ருசியாகத்தான் இருக்கிறது.