கடலில் விட்ட சீலா

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று முடிவு செய்தேன். அதை உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்றும் முடிவு செய்தேன். மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நிலைக்கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். என் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். வாரமெல்லாம் நான் ஊராருக்குக் கண்ணாடி மாட்டிவிடுவேன். ஞாயிறன்று நானே மாட்டிக்கொள்வேன். அவள் தைத்த சட்டைகளுக்குப் பட்டன் தைக்க வேண்டும். ஓரத்து நூலைக் கத்தரிக்க வேண்டும். வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பட்டன் கிழமை.

அன்றும் பட்டன் தைத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

"அடுத்த ஞாயிறு நான் கடலுக்கு மீன் பிடிக்கப் போறேன். பல் டாக்டரும் சைரனும் கூட வர்றாங்க."

பல் டாக்டர், எங்கள் கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருப்பவர். சைரன், பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் சிநேகிதன். அவன் காதோடு ரகசியம் சொன்னால் தெருமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் அந்தப் பெயர்.

மெஷின் நின்றது.

"யாரு, நீங்களா? கடலுக்கா? வாளித் தண்ணியிலயே பயந்து பயந்துதானே கையை விடுவீங்க?"

"அது சூடா இருக்கான்னு பார்க்கறது."

"மீன் பிடிச்சிடுவீங்களாக்கும்?"

"ஏன், எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதா?"

"மீனுக்கு உங்களைப் பிடிக்கணுமே!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பந்தயம்! நான் மீன் பிடிச்சா இனிமே ஞாயித்துக்கிழமை பூரா என் இஷ்டம். பிடிக்கலேன்னா..."

"பிடிக்கலேன்னா சனிக்கிழமை சாயங்காலமும் பட்டன்," என்று அவளே முடித்துவிட்டாள். "வாய்ப்பேச்செல்லாம் வேண்டாம். மீனும் கையுமா நீங்க நிக்கற மாதிரி ஒரு போட்டோ. அது இருந்தாப் போதும்."

"ஒண்ணு என்ன? மொத்தப் பயணத்தையும் போட்டோ எடுத்துட்டு வர்றேன்!"

"சரிங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் இவ்வளவு சுலபமாக ஒரு 'சரிங்க' வந்ததில்லை. நான் அப்போதே திடுக்கிட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் திடுக்கிட மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை, கழுத்தில் கேமராவோடு படகுத்துறைக்குப் போனேன். கரையில் எடுத்த படங்கள் பிரமாதம். தூண்டிலை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு பல் டாக்டர் நிற்கிறார். சைரன் நங்கூரத்தின் மேல் கால் வைத்திருக்கிறான். படகு கிளம்பிய பிறகு எடுத்த படங்களில் கடல் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அதற்கடுத்த படங்களில் கடலே இல்லை. என் செருப்பு மட்டும் இருக்கிறது. என் வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

"பரவாயில்லைய்யா," என்று முதுகைத் தடவினார் பல் டாக்டர். "இரை போட்டாச்சு. இனி மீன் வரும்."

வரத்தான் செய்தது. படகுக்குப் பக்கத்திலேயே பளபளவென்று ஒரு கூட்டம்.

"வந்துடுச்சு!" என்றான் சைரன். ரகசியமாகத்தான் சொன்னான்.

போய்விட்டது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, தூண்டிலைச் சுழற்றி வீசினேன். உடனே எதிலோ மாட்டி வெடுக்கென்று இழுத்தது.

"மாட்டிக்கிச்சு! பெரிசு! விடாதீங்க, இழுங்க!" என்று இருவரும் கத்தினார்கள்.

பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். என் கழுத்து கூடவே வந்தது. தூண்டில் முள் என் சட்டைக் காலரில் மாட்டியிருந்தது. பல் டாக்டர் ஓடி வந்து, "வாயை நல்லாத் திறங்க," என்றார். நானும் திறந்தேன். முள் இருப்பது காலரில் என்பது இருவருக்குமே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மதியம் வரை ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. படகின் அடியில் சுருண்டு படுத்தேன். இனி சனிக்கிழமையும் போச்சு! கண்ணை மூடினால் பட்டன் பட்டனாகத் தெரிந்தது.

அப்போதுதான் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகு எங்களை ஒட்டி வந்து நின்றது. அதன் பலகை மேல் கிடந்ததைப் பார்த்துத் துள்ளி எழுந்தேன். என் இடுப்புயரத்துக்கு ஒரு சீலா மீன்! வெள்ளி மாதிரி உடம்பு. வாய் கொள்ளாத பல். பல் டாக்டர் சொக்கிப்போய்விட்டார்.

"ஒரு சொத்தை இல்லையே!" என்றார்.

"அண்ணே, அதை எங்களுக்குக் கொடுங்களேன்," என்று படகுக்காரரிடம் கெஞ்சினேன்.

"விக்க முடியாதுங்க. ஒருத்தங்க முன்னாடியே சொல்லி வெச்ச மீன். வேணும்னா கையில வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கங்க."

போட்டோ என்ற பேச்சையே நான் இன்னும் எடுக்கவில்லை. இருந்தாலும் எனக்கு அது உறைக்கவில்லை. விலைக்குக் கிடைக்காதது கலைக்குக் கிடைத்ததே என்று பூரித்துப்போனேன். சீலாவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். சைரன் கேமராவைத் தூக்கினான்.

"கொஞ்சம் சிரிங்க சார்," என்றார் படகுக்காரர். "நீங்களே பிடிச்ச மாதிரி இருக்க வேண்டாமா?"

என்ன தங்கமான மனுஷன்!

கரைக்கு வந்ததும் படத்தைப் போனுக்கு மாற்றி மனைவிக்கு அனுப்பினேன். 'அடேங்கப்பா!' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் யோசித்தேன். படம் இருக்கிறது. மீன் எங்கே என்று கேட்டால்?

"பூனை தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லு," என்றான் சைரன்.

"அந்த சைஸுக்குப் பூனையைத்தான் அது தூக்கிட்டுப் போகும்," என்றார் பல் டாக்டர்.

வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது எனக்கு ஞானம் பிறந்தது. கருணை!

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏங்க, எங்க மீனு?"

"விட்டுட்டேன்ம்மா."

"விட்டுட்டீங்களா!"

"எப்படிப் போராடிச்சு தெரியுமா? தூண்டில் வில்லா வளைஞ்சுது. ஆனா மேல தூக்கினதும் என் முகத்தைப் பார்த்து வாயை வாயைத் திறந்துச்சு. அதுக்கும் ஒரு குடும்பம் இருக்கும் இல்லையா? மனசு கேக்கலை. ஒரு போட்டோ எடுத்துட்டு, திரும்பக் கடல்லயே விட்டுட்டேன்."

"பொழச்சுக்கிச்சா?"

"வாலை ஆட்டிக்கிட்டே நீந்திப் போச்சு."

"எந்தப் பக்கம் போச்சு?"

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் உலுக்கியது. "கிழக்கால," என்றேன்.

"அப்புறம் திரும்பியிருக்கு," என்று சொல்லிவிட்டு என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

பாத்திரம் துலக்கும் தொட்டியில் சீலா கிடந்தது. தொட்டி போதாமல் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் போனில் என் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் வைத்துக் காட்டினாள். வாலில் அதே கிழிசல். வாயில் அதே பல். சிரிப்பு மட்டும் படத்தில் எனக்கு இருந்தது. இப்போது மீனுக்கு இருந்தது.

நான் நிற்பது தரையிலா, படகிலா என்றே தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இது... இது எப்படி?"

"அந்தப் படகுக்காரர் சம்சாரம் என்கிட்டதான் துணி தைக்கிறாங்க. 'கிடைக்கிறதுல பெரிய மீனா எனக்கு எடுத்து வைங்க. கேமராவும் கழுத்துமா ஒருத்தர் படகுல சுருண்டு கிடப்பார். விலைக்குக் கேட்டாக் கொடுக்காதீங்க, போட்டோவுக்கு மட்டும் கொடுங்க'ன்னு சொல்லியனுப்பினேன்."

"நான் கேட்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா உங்களுக்குச் சட்டை தைக்கிறேன். உங்க அளவு எனக்குத் தெரியாதாங்க?"

தோற்றவனுக்கு உள்ள மரியாதையோடு முன்னறைக்குப் போய், பட்டன் டப்பாவை நானே எடுத்தேன். அவள் அதைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இது எதுக்கு? நீங்கதானே ஜெயிச்சீங்க!"

"என்னது?"

"மீனும் கையுமா ஒரு போட்டோ இருந்தாப் போதும்னுதானே சொன்னேன்? இருக்கே! இனிமே ஞாயித்துக்கிழமை உங்களுக்குத்தான்."

கண்ணில் நீர் முட்டிவிட்டது. இவளையா இத்தனை நாள் தப்பாக நினைத்தேன்! நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் விசில் சத்தம் கேட்டது.

அவளுடைய அண்ணன். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். சொந்த வீட்டிலேயே விசில் அடித்துத்தான் தண்ணீர் கேட்பார். வந்த வேகத்தில் என் தோளில் ஒரு அறை விட்டார்.

"தங்கச்சி போட்டோ அனுப்பிச்சா. அசந்துட்டேன் மாப்பிள்ளை! இனி ஒவ்வொரு ஞாயிறும் நாம கடல்லதான். படகுக்குச் சொல்லியாச்சு. விடியறதுக்கு முன்னாடி வந்துடுவேன். போற வழியில கொஞ்சம் ஓட்டம். படகு மேலயே தண்டால். அப்புறம் நீங்க எனக்கு மீன் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கறீங்க!"

தரை மறுபடி ஆடியது. அவளைத் தனியாக மெஷின் பக்கம் இழுத்துப் போனேன்.

"அம்மா தாயே, நான் பட்டனே தைக்கிறேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தைக்கிறேன். வேணும்னா கடைக்கு லீவு போட்டுட்டுத் தைக்கிறேன்!"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"நீங்க தைக்கிற பட்டன் ஒண்ணுகூட ஒரு வாரம் நிக்கறதில்லைன்னு எல்லாரும் சட்டையைத் திருப்பிக் கொண்டு வர்றாங்கங்க. உங்க மனசு நோகாம உங்களை எப்படி வேலையை விட்டு நிறுத்தறதுன்னுதான் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டிருந்தேன்."