புள்ளிக்குள் ஓர் ஆமை

ஒரு காட்டில் ஓர் ஆமை ஒரே எட்டில் பொட்டலைக் கடந்து ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததாம். எனக்கு இதைச் சொன்னது ஒரு பருந்து. பல வருடங்களாக இதை நம்பவும் முடியவில்லை, விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை. கேட்டபடியே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காட்டின் பாதைகள் மரக்கிளைகள் போலப் பிரிந்தவை. எந்த மூன்று இடங்களை இணைத்து முக்கோணமாக நடந்தாலும் பக்கங்கள் ஒட்டி ஒட்டித்தான் போகும். ஒரு பக்கத்தில் போகிறவர் தும்மினால் அடுத்த பக்கத்தில் போகிறவர் ‘நூறாயுசு’ என்பார். அத்தனை நெருக்கம். அந்த அழகைக் கெடுத்தது நடுவில் கிடந்த பொட்டல்தான். அதில் எந்தத் திசையிலும் போகலாம். தும்மினால் கேட்க ஆளில்லை.

இதைச் சொன்ன பருந்துதான் அந்தக் காட்டின் சர்வேயர். அது யோசித்துப் பார்த்து, வரைபடத்தில் பொட்டலை ஒரு புள்ளியாகச் சுருக்கிவிட்டது. காடு முழுக்க ஒரே மரம்போல் ஆகிவிட்டது. சிங்கம் பருந்துக்குச் சால்வை போர்த்தியது.

அந்தக் கோடையில் மாசிலாமணி என்கிற ஆமையின் குட்டை வற்றியது. பொட்டலுக்கு அப்பால்தான் ஏரி. வரைபடத்தின்படி ஒரே எட்டு. மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பியது.

உச்சிவெயிலில் அது பொட்டலின் நடுவில் நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாலு பக்கமும் ஒரே வெள்ளை. செல்போனை எடுத்துப் பருந்தைக் கூப்பிட்டது.

“ஐயா, பொட்டல் நடுவுல மாட்டிக்கிட்டேன். ஏரி எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க.”

“உள்ள நுழைஞ்சாச்சா?”

“காலையிலேயே நுழைஞ்சாச்சுங்க.”

“அப்ப வெளிய வந்தாச்சு. புள்ளிக்கு ஏது ஓய் நடு?”

“கால் வேகுதுங்க.”

“புள்ளியில ஒரு கால் வைக்கவே இடமிருக்காது. நாலு காலையும் வெச்சுக்கிட்டு நியாயம் பேசுறீரே! யார் போனாலும் அதே வாசல்ல நுழைவாங்க, அதே வாசல்ல வெளிய வருவாங்க. நடுவுல நடக்கிறது அவங்கவங்க சொந்த விஷயம்.”

ஆமைக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. படம் போட்டவர் படித்தவர். நாம்தான் நடக்கத் தெரியாமல் நடந்துவிட்டோமோ? ஆனாலும் தாகம் விடவில்லை.

“ஒரு தடவை நேர்ல வந்து பாருங்களேன். செத்துருவேன் போலிருக்கு.”

பருந்துக்கு மனம் இளகிவிட்டது. பறந்து வந்து தலைக்கு மேல் வட்டமிட்டது. “உமக்கும் ஏரிக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி தெரியத்தான் செய்யுது. இரும், சரி பண்ணிடறேன்.”

“இறங்கி வர்றீங்களா ஐயா?”

“இறங்கினா இன்னும் மோசமாயிடும்.”

பருந்து மேலே போனது. மேகத்தைத் தாண்டி, இன்னும் மேலே போனது. கீழே ஆமை, புதர், ஏரி எல்லாம் நெருங்கி நெருங்கி ஒன்றாயின. அது போனில் சந்தோஷமாகக் கத்தியது: “ஓய் மாசிலாமணி! ஏரியிலதான் ஓய் இருக்கீர்! நல்லா முங்கிக் குளியும்!”

“அப்படிங்களா” என்றது ஆமை. அதற்குப் பிறகு அதனிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை.

ஆமை அன்றைக்கே ஏரி சேர்ந்துவிட்டது என்றுதான் பருந்து எப்போதும் முடிக்கும். போன வாரம் துணிந்து கேட்டே விட்டேன்: “அப்படியானால் அதன் ஓடு ஏன் இன்னும் பொட்டலில் கிடக்கிறது?”

நீதி: தீராத தாகம் என்று எதுவும் கிடையாது, பார்க்கிறவர் போதுமான உயரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.