மூன்றாவது துண்டு

ரெசின் உறையவில்லை. ஸ்ரீதரன் பத்தாவது தடவையாக மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தான். பாகு மாதிரி ஒட்டியது.

"தம்பி, தொறக்கவே கூடாதுன்னு டொக்டர் மிஸ் சொல்லிட்டுப் போனாங்களே?" என்றாள் ஆய்வுகூடத்தைக் கூட்டும் சின்னம்மா.

"அக்கா, எங்கப்பா ருவான்வெல்லையில முப்பது வருசம் ரப்பர் பால் ஒறைய வச்சவரு. தொட்டுப் பாக்காம ஒறஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்?"

கஹவத்தையில் ஒரு சின்னக் கால்நடை ஆய்வுகூடம் அது. டொக்டர் கைருன்னிஸா ஆட்டுக்குடலின் மூன்று துண்டுகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டு வியாழக்கிழமை கொழும்புக்குப் போயிருந்தார். அவற்றை ரெசின் என்ற செயற்கைப் பிசினில் பதித்து, பிரிஜ் குளிரில் உறைய வைத்து, மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றினால், பெருகிக்கொண்டிருக்கும் உயிர்க்கலங்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். தெரிந்தால் ஸ்ரீதரனுக்கு வேலை நிரந்தரம். தெரியாவிட்டால் திரும்பவும் ரப்பர் மரந்தான்.

ரப்பர் பாலுக்கு அசிட்டைக் கூட்டினால் சீக்கிரம் உறையும் அல்லவா? பாகாகவே நின்ற முதல் துண்டைக் கைவிட்டு, இரண்டாவது துண்டுக்கு உறைய வைக்கும் மருந்தை மூன்று மடங்கு ஊற்றினான். உறைந்தது. ஆனால் கொதித்து, புகைந்து, வெடித்து உறைந்தது.

"ஒண்ணு பாயாசம், ஒண்ணு கருவாடு. மூணாவது என்னங்க தம்பி?"

"மூணாவதுதான் வெற்றி!"

வெள்ளிக்கிழமை மாலை, இந்தத் தடவை மருந்தை அளந்தே ஊற்றினான். மூடினான், பிரிஜ்ஜில் வைத்துப் பூட்டினான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் இரண்டு தரம் திறந்து பார்த்து மறுபடி பூட்டி, சாவியை எங்கோ போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான்.

வந்து பார்த்தால் சாவியைக் காணோம். சட்டைப்பை, மேசை, குப்பைக்கூடை எல்லாவற்றையும் கவிழ்த்தான். சின்னம்மாவும் பாவம், குனிந்து குனிந்து தேடினாள். சனியும் ஞாயிறும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டான்.

திங்கட்கிழமை, சாவி தொலைந்ததை அவன் சொல்லுமுன்பே, டொக்டர் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் பிரிஜ்ஜைத் திறந்தார். ரெசின் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. மறுநாள் மாலை நுண்ணோக்கியில் பார்த்தால், குடல் மடிப்புகளில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள்!

"அருமை ஸ்ரீதரன்! மூணுல ஒண்ணு தேறினாலே போதும். காத்துப் பட்டா இந்த ரெசின் ஒறையவே ஒறையாது. எல்லாரும் தொறந்து தொறந்து பாத்தே கெடுத்துருவாங்க. நீங்க எப்படி இத்தன நாள் தொறக்காம இருந்தீங்க?"

ஸ்ரீதரன் நெஞ்சை நிமிர்த்தினான். "பொறுமைதான் மிஸ். எங்க பரம்பரையிலேயே இருக்கு."

டொக்டர் அங்கேயே நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சின்னம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தாங்க தம்பி, உங்க பொறுமை. அடுத்த தரம் பிரிஜ்ஜப் பூட்டுனதும் சாவிய நீங்களே எங்கிட்டக் குடுத்துருங்க."