பின்னறைக்கு ஒரு ரவுட்டர்

அநியாயத்தைக் கேளுங்கள். நானும்தான் சம்பாதிக்கிறேன், நானும்தான் வாடகை கட்டுகிறேன். ஆனால் என் போனில் ஒரு படம் ஓட வேண்டுமென்றால் நான் கூடத்து சோபாவில்தான் உட்கார வேண்டும். ரவுட்டர் அங்கேதான் இருக்கிறது. பின்னறைக்கு சிக்னல் எட்டாது. சோபாவில் உட்கார்ந்தால் என் மனைவியின் கண்ணில் படுவேன். பட்டால் போச்சு.

"சும்மாதானே இருக்கீங்க, அந்த ஃபேனைத் துடைங்க."

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு யார் சொல்வது?

ஆகவே முடிவெடுத்தேன். பின்னறைக்கு இரண்டாவது ரவுட்டர்! ரகசியமாக மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மகாராஜா மாதிரி படுத்துக்கிடப்பது.

இதில் ஒரு தர்மசங்கடம். எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. நாலைந்து பேர் உட்கார்ந்து போன் எடுக்கிற குட்டிக் கம்பெனி. அவள் பில் பிரிவு. யோசனை கேட்டால், "ரெண்டாவது எதுக்கு?" என்பாள். பதிலுக்கு நான் எங்கே போவேன்?

அவள் ஆபீஸ் போனதும் வேலையை ஆரம்பித்தேன். கூடத்து ரவுட்டரிலிருந்து நீள வயரை இழுத்து வந்து புதுப்பெட்டியில் சொருகினேன். விளக்குகள் சமர்த்தாக எரிந்தன. அதோடு விட்டிருக்கலாம். டப்பாவில் ஒரு குட்டி வயர் மிச்சமிருந்தது. பெட்டியில் ஓட்டைகளும் மிச்சமிருந்தன. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவானேன்? அதன் ஒரு நுனியை ஓர் ஓட்டையிலும், மறுநுனியைப் பக்கத்து ஓட்டையிலும் சொருகினேன்.

விளக்குகளுக்குப் பேய் பிடித்துவிட்டது. எல்லாம் ஒன்றாகப் படபடவென்று துடித்தன. கூடத்திலும் இன்டர்நெட் காலி.

அவள் வருவதற்குள் சரிசெய்தாக வேண்டும். கம்பெனியின் கோளாறு பிரிவுக்கே போன் போட்டேன்.

"வணக்கம் சார், சொல்லுங்க சார்."

ஆகா, என்ன மரியாதை! இப்படி ஒரு குரலை நான் என் வீட்டில் கேட்டதே இல்லை. விவரத்தைச் சொன்னேன்.

"குட்டி வயரைப் பிடுங்கிடுங்க சார். ரெண்டு நுனியும் ஒரே பெட்டியில இருந்தா, அனுப்பினதே திரும்பத் திரும்ப அங்கேயே சுத்தும்."

பிடுங்கினேன். பேய் இறங்கிவிட்டது.

"வீட்ல வேற யார்கிட்டயும் கேக்கலையா சார்?"

"பொண்டாட்டிகிட்டயா? அவளுக்கு என்னங்க தெரியும்? பில்லு போடத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் பேனாவை டொக்கென்று மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ரொம்ப சரி சார். இப்ப சிக்னல் நிக்கணும்னா அந்த ரூம்ல தூசியே இருக்கக் கூடாது. பெருக்கித் துடைச்சிடுங்க. கட்டில் மேல இருக்குற துணியெல்லாம் மடிச்சு வெச்சிடுங்க, துணி சிக்னலை உறிஞ்சிடும்."

"துணி கிடக்குறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா வீட்லயும் கிடக்கும் சார். அப்புறம் ஜன்னலோரமா ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு, பெட்டியை மேஜை மேல வைங்க."

படிப்பாளி படிப்பாளிதான். பெருக்கினேன், துடைத்தேன், மடித்தேன். கூடத்து மேஜையைத் தனியாளாக இழுத்து வந்ததில் இடுப்பே விட்டுப்போயிற்று. ஆனால் சிக்னல் பிரமாதம்! ஒரு திட்டுகூட வாங்காமல் ஒரு வேலையை முடித்த பூரிப்பில் கட்டிலில் சாய்ந்தேன்.

மாலை மனைவி வந்தாள். நேராகப் பின்னறைக்குள் நுழைந்து, லேப்டாப் பையை மேஜையில் வைத்தாள். ரவுட்டரைப் பார்த்து ஒரு கேள்வி இல்லை.

"வீட்லேருந்தே வேலை பாருன்னு ஆபீஸ்ல சொல்லிட்டே இருந்தாங்க. இந்த ரூம்ல சிக்னல் இல்லையேன்னுதான் யோசிச்சேன். நாளையிலேருந்து இங்கதான்."

"இங்கயா? பில்லு போட எதுக்கு சிக்னலு?"

"என்னைக் கோளாறு பிரிவுக்கு மாத்திட்டாங்க. போன வாரமே சாப்பிடும்போது சொன்னேன். போனைப் பாத்துக்கிட்டே 'ம்' போட்டீங்க."

கையிலிருந்த போனை மெல்லச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன்.

அவள் என்னை மெல்ல வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மறுபடி கொஞ்சம் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"வெளியே சும்மாதானே இருக்கப் போறீங்க, அந்த ஃபேனைத் துடைச்சிடுங்க, சார்."